ஒரு கொடியை விட்டுவைத்த திருடன்

அத்தியாயம் 6

மோசல் ஆற்றங்கரைப் பாதையில் நடந்து யாருக்கும் மூச்சு வாங்கியதாக வரலாறு கிடையாது. அப்படிச் சமதளம். முழங்காலில் ஆபரேஷன் ஆனவர்களை டாக்டர்கள் இங்கேதான் நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். ஷீஃபர்பாக் ஊர் எல்லையில் நிற்கிற பலகையில்கூட ஒரே ஒரு பூட்ஸ் படம்தான் இருக்கும். ஒரு பூட்ஸ் என்றால் சுலபமான பாதை. மூன்று பூட்ஸ் என்றால் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டிய பாதை.

அந்த ஒற்றை பூட்ஸ் பாதையில், வியாழக்கிழமை மத்தியானம், வெண்டலினுக்கு மூச்சு வாங்கியது.

"என்னய்யா, பலகையைத் தாண்டறதுக்குள்ளயே இரைக்குது?" முன்னால் போய்க்கொண்டிருந்த கெர்லிண்டே திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"பாதை லேசா ஏறுது அம்மணி. உங்களுக்குத்தான் தெரியல."

"ஆறு எந்தப் பக்கம் ஓடுது?"

"அந்தப் பக்கம்."

"நாமளும் அந்தப் பக்கம்தான் போறோம். ஆத்துத் தண்ணியோட போறப்போ ஏத்தம் எப்படிய்யா வரும்?"

ஆற்றில் ஒரு சரக்குப் படகு போய்க்கொண்டிருந்தது; வெண்டலின் அதை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

கெர்லிண்டே இந்த ஆற்றோரம் ஓடும் ரயிலில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கத் தெரியாமல் துப்பறிய வந்தாள். காணாமல் போன பூனை, மாறிப்போன பீப்பாய், ஓடிப்போன மாப்பிள்ளை என்று இந்தப் பள்ளத்தாக்கில் அவள் கண்ணுக்குத் தப்பியது எதுவும் கிடையாது. வெண்டலின் அவளுக்குக் கார் ஓட்டுவான், குடை பிடிப்பான், துக்க வீட்டில்கூட யாரையாவது சிரிக்க வைத்துவிடுவான். வயது நாற்பதைத் தாண்டியும் அவன் வாய்க்கு மட்டும் வயது ஏறவில்லை.

வழக்கு இதுதான். செவெரின் என்கிற தோட்டக்காரருக்கு இந்தப் பாதைக்கு நேர்மேலே, 'ஏணிச்சரிவு' என்று ஒரு செங்குத்தான திராட்சைத் துண்டு இருக்கிறது. போன வியாழக்கிழமை அவர் மலைமேல் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த பகலில், அந்தச் சரிவு முழுவதையும் யாரோ பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலை ரொட்டிக் கடையில் நின்று அவர் கத்தியதை ஊரே கேட்டது. ஆகஸ்டில் செத்துப்போன அவர் மனைவி ஹெட்விக், ஒரு தடவையாவது பனித் திராட்சை ஒயின் போடலாம் என்று முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். மற்றவர்கள் பறித்து முடித்த பிறகும் பழத்தைக் கொடியிலேயே விட்டு, கடும் பனி விழுந்து, அது கல்லாக உறைந்த பிறகு பறித்துப் பிழிகிற ஒயின். குருவி தின்னும், மழையில் அழுகும் என்று இவர் மறுத்துக்கொண்டே இருந்தாராம். அவள் போன பிறகு, இந்த வருஷம்தான், யாரிடமும் சொல்லாமல் அவளுக்காக அதை விட்டுவைத்தாராம்.

கெர்லிண்டே வெள்ளிக்கிழமையே வந்தாள். ஒரு மணி நேரம் ஆகவில்லை, கண்டுபிடித்துவிட்டாள். செவெரினிடம் பதினோரு இலையுதிர் காலமாக வேலைக்கு வரும் ருமேனியாக்காரன் கோஸ்டின் தங்கியிருந்த பழைய வேனுக்குள், செவெரின் முத்திரை போட்ட இரண்டு பெட்டிகள், உள்ளே ஆப்பிள். அறுவடையே நடக்காத நாளில் அவற்றில் காயாத திராட்சைச் சாறு ஒட்டியிருந்தது. ஆற்றங்கரை பெஞ்சில் கிடந்தது, முதலாளிக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன் என்றான் கோஸ்டின். யாரும் நம்பவில்லை. செவெரின் மறுபடி ரொட்டிக் கடையில் நின்று அவன்தான் திருடன் என்று கத்திவிட்டு, போலீஸ் வேண்டாம், கண்ணில் படாமல் போய்விடட்டும் என்று சொல்லிவிட்டார். இன்று சாயந்திரம் ருமேனியாவுக்குப் போகும் பஸ்ஸில் கோஸ்டின் ஏற வேண்டும். திருடன் என்ற பெயரோடு போகிறவனுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் இனி யாரும் வேலை தரமாட்டார்கள்.

வழக்கு முடிந்தாயிற்று. ஆனால் கெர்லிண்டே இன்று மத்தியானம் வெண்டலின் வீட்டுக் கதவைத் தட்டி, "வா, காலாற ஒரு நடை போயிட்டு வருவோம்" என்றாள்.

இப்போது உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்தச் சரிவைப் பறித்தவர்களில் வெண்டலினும் ஒருவன்.

அது திருட்டு இல்லை என்பதுதான் கொடுமை. ஷீஃபர்பாக்கில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்து, அந்த வருஷம் அவர்கள் கொடியைத் தொட மனசில்லாமல் கிடந்தால், அக்கம்பக்கத்தார் கூடி அவர்களுக்காகப் பறிப்பார்கள். பறிக்கும்போது யாரும் பேசக்கூடாது. ஒரு கொடியை மட்டும் அந்த வீட்டுக்காரர் கையால் பறிப்பதற்கென்று விட்டுவைக்க வேண்டும். பிழிந்த சாற்றைப் பீப்பாயில் ஊற்றி, நவம்பர் பதினொன்றில் வரும் மார்ட்டின் திருநாளன்று வாசலில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். யார் பறித்தது என்று சொல்லக்கூடாது. சொன்னால் துக்கப்பட்டவர் நன்றி சொல்ல வேண்டி வருமாம்.

ஊரில் எல்லாரும் பறித்து முடித்தும் ஏணிச்சரிவு மட்டும் அப்படியே தொங்கியதைப் பார்த்து, பாவம் மனுஷன் உடைந்துபோய்விட்டார் என்று நினைத்தார்கள். வெண்டலினின் அக்கா மார்கிட்தான் ஆளைத் திரட்டினாள். செவெரின் மலைமேலிருந்து கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவர். நாற்பது வருஷமாகியும் இந்தப் பழக்கம் அவர் காதில் விழவில்லை. அவர் வீட்டில் அதற்கு முன் சாவு விழுந்ததில்லையே.

அந்த இரண்டு பெட்டிகளையும் பெஞ்சில் மறந்து வைத்துவிட்டு வந்தவன் யார் என்று கேட்கிறீர்களா? வெண்டலினேதான்.

ரொட்டிக் கடைக் கூச்சலுக்குப் பிறகு எல்லாரும் மார்கிட்டின் நிலவறையில் கூடினார்கள். யார் முதலில் போய்ச் சொல்வது என்பதில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "மார்ட்டின் நாள்ல பீப்பாய் போறப்போ தானாத் தெரிஞ்சுட்டுப் போவுது. அதுவரைக்கும் எவன் வாயைத் திறந்தாலும் நாக்கை அறுத்துடுவேன். முக்கியமா நீ" என்றாள் மார்கிட், தம்பியைப் பார்த்து. அப்போது கோஸ்டின் பெயர் வந்திருக்கவில்லை. வந்த பிறகு, வேறு யாராவது சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

"உக்காரு" என்றாள் கெர்லிண்டே.

அதே பெஞ்ச். வெண்டலின் அதன் ஓரத்தில், ஈரப் பெயின்ட்மேல் உட்காருகிறவன்போல உட்கார்ந்தான்.

"ஏணிச்சரிவுல எத்தனை பெட்டிப் பழம் தேறும்?"

"அம்பது, அறுபது."

"அறுபது பெட்டியை எங்கயோ ஒளிச்சு வெச்சவன், ரெண்டை மட்டும் எதுக்குய்யா தான் தங்கற வண்டிக்குள்ள, அதுவும் ஆப்பிளை நிரப்பி வெச்சிருந்தான்?"

"ஆப்பிள் ருசியா இருந்திருக்கும்."

"வெள்ளிக்கிழமையே இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்கணும். வரல. ஏன் தெரியுமா? ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சேன்னு பேரு வாங்கற அவசரம்." அவள் குரல் இறங்கியது. "ராத்திரி கண்ணை மூடினா அவன் மூஞ்சிதான் நிக்குது. 'பெஞ்சுல கிடந்துச்சும்மா'ன்னு சொன்னான். நான் சிரிச்சேன்யா. அவன் எதிர்லயே சிரிச்சேன்."

வெண்டலின் ஆற்றைப் பார்த்தான். இரண்டு அன்னங்கள் ஒன்றும் செய்யாமல் மிதந்தன. அவற்றின்மேல் அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

"எழுந்திரு. கொடியைப் பார்ப்போம்."

பாதையை ஒட்டிய கற்சுவருக்கு மேலே ஏணிச்சரிவு தொடங்குகிறது. மொட்டையாக நின்ற கொடிகளின் வரிசையில் கடைசிக் கொடி மட்டும் பொன்னிறப் பழத்தோடு கனத்துத் தொங்கியது.

"இது என்னய்யா?"

"கொடி அம்மணி."

"தெரியுது. சரிவு முழுக்க உருவினவன் கைக்கெட்டற கொடியை ஏன் விட்டான்?"

"பஸ்ஸுக்கு நேரமாயிருக்கும்."

"மேல செங்குத்தா ஏறி, முதுகுக் கூடையோட இறங்கிப் பறிச்சவனுக்கு, நின்ன இடத்துல பறிக்க வேண்டிய கொடிக்கு நேரமில்லையா?" சுவரில் கை ஊன்றிக் கிட்டத்தில் பார்த்தாள். "சுத்தி மிதிபடவே இல்லை பாரு. மறந்துபோன கொடின்னா சுத்தி மிதிச்சிருப்பாங்க. இதை மரியாதையா ஒதுங்கிப் போயிருக்காங்க. மரியாதை தெரிஞ்ச திருடன்."

"குருவிக்காக விட்டிருப்பான். இரக்க குணம்."

"ஒரு திருடன் இரக்கமா இருக்கலாம். அறுபது பெட்டியைத் தூக்க பத்துப் பதினைஞ்சு பேர் வேணும். பதினைஞ்சு பேருமா இரக்கக்காரங்க?"

அவன் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை.

எதிரே கைத்தடிகள் டக்டக்கென்று ஒலிக்க ஒரு வயதான தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் தலையில் சிவப்புத் தொப்பி. வாராவாரம் வியாழக்கிழமை இந்தப் பாதையில் நடப்பதற்கென்றே ரயிலேறி வருகிறவர்கள். கெர்லிண்டே வழி மறித்து வணக்கம் சொன்னாள். வெண்டலின் உடனே குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தான்.

"போன வாரம் இங்க யாராவது பறிச்சுக்கிட்டிருந்ததைப் பார்த்தீங்களாம்மா?"

"பார்க்காம என்ன! பட்டப்பகல்ல, நல்ல கூட்டம். நான் கையைக்கூட ஆட்டினேன்" என்றாள் சிவப்புத் தொப்பி. "ஆனா ஒருத்தர்கூட வாயைத் திறக்கல. எப்பவும் பறிக்கிற இடம்னா ஒரே பாட்டும் கும்மாளமுமா இருக்கும். இது கோயில் மாதிரி இருந்துச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, இவர்கிட்ட ரகசியமாத்தான் பேசினேன்."

"இவ ரகசியமாப் பேசினதே அன்னைக்குத்தான்" என்றார் கணவர்.

"சும்மா இருங்க. ஒரு ஆள் மட்டும் தோளைக் குலுக்கிக் குலுக்கி பறிச்சுக்கிட்டிருந்தாரு. கொஞ்சம் பூசின உடம்பு. எதையோ நெனச்சுச் சிரிக்கிறாருன்னு நான் சொன்னேன்."

"அழறாருன்னு நான் சொன்னேன்" என்றார் கணவர்.

"ரெண்டு பேர் சொன்னதும் சரியாத்தான் இருக்கும்" என்றாள் கெர்லிண்டே.

சிவப்புத் தொப்பி குனிந்து பார்த்தாள். "இவரை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே."

"எனக்குப் பொதுவான முகம்மா" என்றான் வெண்டலின், பூட்ஸிடம்.

அவர்கள் போன பிறகும் அவன் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தான்.

"அந்தக் கயித்துல இனிமே முடிச்சுக்கு இடமில்லைய்யா. நட" என்றாள் கெர்லிண்டே. கொஞ்ச தூரம் நடந்தார்கள். பிறகு அவள் சாதாரணமாகக் கேட்டாள். "ஒரு பகல் முழுக்க வாயைத் திறக்காம இருக்கக் கூடியவங்க ஷீஃபர்பாக்ல யார் யாரு?"

"கல்லறையில இருக்கறவங்க."

"அப்போ பேசறவங்கதான், ஆனா பேசாம இருந்திருக்காங்க. எதுக்கோ கட்டுப்பட்டு. திருடறவன் எதுக்குய்யா கட்டுப்படுவான்?"

பாதை ஊர்ச் சாலையோடு சேரும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். அங்கே நட்டநடுவில் ஓர் இரும்புக் கம்பம் நிற்கும். நடக்கிறவர்களும் சைக்கிளும் போகலாம். வண்டி நுழைய முடியாது. டிராக்டர் உள்ளே வர வேண்டுமென்றால் சாவி போட்டுக் கம்பத்தைத் தூக்கி எடுக்க வேண்டும். அந்தச் சாவி ஊரின் தீயணைப்புத் தொண்டர்களிடம் மட்டும்தான் உண்டு. வெண்டலின் கால்சட்டைப் பையில் அது இப்போது அடுப்பிலிருந்து எடுத்ததுபோலச் சுட்டது.

கெர்லிண்டே கம்பத்தை ஒரு சுற்று சுற்றினாள். "இந்தச் சிவப்புப் பட்டை சாலைப் பக்கம் பார்த்துல்ல இருக்கணும்? வெளிச்சம் பட்டா மின்னறதுக்கு?"

"ஆமா."

"இப்ப ஆத்தைப் பார்த்துக்கிட்டிருக்கு. யாரோ எடுத்து, திருப்பி மாட்டியிருக்காங்க. பூட்டியும் இருக்காங்க." கம்பத்தின் தலையில் உள்ளங்கையை வைத்தாள். "நான் ரயில்ல பார்க்காத திருடன் இல்லை. ஆனா திருடிட்டுக் கதவைச் சாத்திட்டுப் போற திருடனை இன்னைக்குத்தான் பார்க்கறேன். அடுத்தவன் பிள்ளைக்குட்டி மேல வண்டி ஏறிடப் போவுதேன்னு யோசிக்கிற திருடன். எங்க இருப்பான் அவன்?"

அவள் கேள்வியை அவனிடம் கேட்கவில்லை. ஆற்றைப் பார்த்துத்தான் கேட்டாள். அதுதான் அவனைக் கொன்றது. மார்கிட்டின் முகம் கண்முன் வந்தது. அவளுக்குப் பின்னால் அத்தனை ஜன்னல் திரைகளும். அவற்றையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு, கையில் பையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒருத்தன் முகம்.

"அம்மணி" என்றான். "நான்தான்."

அவள் திரும்பவில்லை.

"நாங்கதான். நான், அக்கா, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும். திருடல. துக்க வீட்டுக்குப் பறிச்சோம். அந்தாளு பனிக்காக விட்டு வெச்சிருக்காருன்னு சத்தியமாத் தெரியாது. சாறு அக்கா நிலவறையில இருக்கு. பீப்பாய்மேல ஹெட்விக் பேரை எழுதி வெச்சிருக்கோம். அந்த ரெண்டு பெட்டியை பெஞ்சுல மறந்து வெச்சது நான். கோஸ்டின் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் நெசம். அன்னைக்கு நீங்க சிரிச்சப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். நானும் சிரிச்சேன் அம்மணி. நீங்க தெரியாம சிரிச்சீங்க. நான் தெரிஞ்சே சிரிச்சேன்."

ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு கடந்து போனது. கெர்லிண்டே கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

"டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடிக்க டிக்கெட்டைக் கேக்கவே வேண்டாம்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"ஜன்னலுக்கு வெளிய ரொம்ப ரசிச்சுப் பார்க்கறவன்தான்…" பாதியில் நின்றான். புறப்பட்டதிலிருந்து அவன் அந்த ஆற்றை எப்படி ரசித்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. "எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"நேத்து. இந்தக் கம்பத்தையும் கொடியையும் நேத்தே வந்து பார்த்துட்டேன். ஆனா அதுக்கும் முன்னால ஒண்ணு இருக்கு. போன வியாழக்கிழமை சாயந்திரம் என் வீட்டுக்கு சூப் குடிக்க வந்தியே, ஞாபகம் இருக்கா? உள்ள நுழைஞ்சதுலேர்ந்து போற வரைக்கும் வாய் ஓயல. ஒரு நாள் முழுக்க அடைச்சு வெச்சதைக் கொட்டற மாதிரி பேசினே. அப்போ சிரிச்சேன். நேத்துதான் அர்த்தம் புரிஞ்சுது."

"தெரிஞ்சுக்கிட்டேவா என்னை இவ்வளவு தூரம் நடக்க வெச்சீங்க?"

"நான் போய்ச் சொன்னா அது துப்பு. இன்னொருத்தர் காட்டிக் கொடுத்ததா ஆயிடும், உங்க ஊரு தன் தப்பைப் பார்க்காம என்மேல பழி போடும், எல்லாரும் நிம்மதியாத் தூங்குவீங்க." முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தாள். "இந்தக் கம்பம் வரைக்கும்தான் உனக்குக் கெடு வெச்சிருந்தேன். தாண்டியிருந்தா நானே சொல்லியிருப்பேன். அப்புறம் வேற ஆளைத் தேடிக்கிட்டிருப்பேன், குடை பிடிக்க."

செவெரின் வீட்டு முற்றத்தில் கொட்டகைக்குள் இருந்ததெல்லாம் வெளியே கிடந்தது. வாளி, மண்வெட்டி, பழைய கூடை, சுருட்டிய கயிறு. நடுவில் அவர் கை நிறையத் தூசியோடு நின்றார். எதையோ தேடி, கிடைக்காமல், எதைத் தேடினோம் என்பதே மறந்துபோனவர்போல இருந்தார்.

வெண்டலின் தொப்பியைக் கழற்றினான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வார்த்தைக்கு வார்த்தை கம்பத்தருகே சொன்னதுதான். ஆனால் இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இல்லை.

செவெரின் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"திருடன்னு இருந்தவரைக்கும் கோவப்பட ஒருத்தன் இருந்தான்" என்றார். "ராத்திரி அவனைத் திட்டிக்கிட்டே தூங்கிடுவேன். இப்ப நான் யாரைத் திட்டறது?"

"என்னைத் திட்டுங்க."

"உன்னைத் திட்டினா ஜோக்கு சொல்லுவே."

"இன்னைக்கு வராதுங்க."

செவெரின் தன் கைத் தூசியைப் பார்த்தார். "கீழே ஒரு கொடி மட்டும் விட்டிருந்தது. நக்கல் பண்றதுக்குன்னு நெனச்சேன். வெட்டிப் போட்டுடலாம்னு கத்தரியை எடுத்துக்கிட்டுப் போனேன். பக்கத்துல போனா, கம்பியில கட்டின முடிச்சு… ஹெட்விக் போட்டது. அவ ரெட்டை முடிச்சு போடுவா. திரும்பி வந்துட்டேன்."

"அது உங்களுக்காக விட்டது. உங்க கையால பறிக்கறதுக்கு."

அவர் தலையாட்டினார். புரிந்ததற்கா, புரியாததற்கா என்று தெரியவில்லை. திடீரென்று எழுந்தார். "பஸ் போயிடுச்சா?"

படகுத்துறைப் பஸ் நிறுத்தத்துக்கும் ஆற்றங்கரைப் பாதையில்தான் போக வேண்டும். செவெரினுக்கு இடுப்பு வலி. அவர் நடைக்கு ஏற்ற மாதிரிதான் மற்ற இருவரும் நடக்க முடிந்தது. ஓடிவிடலாம் என்று வெண்டலினுக்குக் கால் துடித்தது. ஆனால் முதலில் போய்ச் சேர வேண்டியவர் அவர்தான் என்று கெர்லிண்டே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

நிறுத்தத்தில் கோஸ்டின் தனியாக நின்றான். அதே பஸ்ஸுக்குக் காத்திருந்த மற்ற அறுவடை ஆட்கள் கொஞ்சம் தள்ளி, அவர்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்களைப் பார்த்ததும் கோஸ்டின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான், இன்னும் என்ன மிச்சம் என்பதுபோல.

செவெரின் அவனெதிரே போய் நின்றார். மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளைக் கையாண்டு பழக்கமில்லாத மனுஷன். கடைசியில் வந்தது வேறு எதுவோ.

"கோஸ்டின்… வலை எங்க இருக்குன்னு தெரியல. குருவி வலை. கொட்டகை முழுக்கத் தேடிட்டேன்."

கோஸ்டின் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "பரண்மேல" என்றான். "பழைய தொட்டிலுக்குள்ள. எலி கடிக்காம இருக்கணும்னு ஹெட்விக் அம்மா அங்கதான் வெப்பாங்க."

வெண்டலின் தலை குனிந்தான். சரிவில் மட்டும் அன்றைக்கு வலை கட்டியிருந்தால், அவர் பழத்தை விட்டுவைக்கிறார் என்று ஊருக்கே தெரிந்திருக்கும். ஒருவரும் உள்ளே கால் வைத்திருக்க மாட்டார்கள். வலை கட்டுவது ஹெட்விக்கின் வேலை. அவள் போன பிறகு அது எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவனிடம் அவர் கேட்கவில்லை.

"நீ எடுக்கல" என்றார் செவெரின். "ஊர்க்காரங்க பறிச்சிருக்காங்க. உதவின்னு நெனச்சு. நீ சொன்னது எல்லாம் நெசம்."

"நான் சொன்னப்பவும் அது நெசம்தான் முதலாளி."

கெர்லிண்டே ஓரடி முன்னால் வந்தாள். "நான் உன் எதிர்ல சிரிச்சேன்ப்பா. அதுக்கு என்ன சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் தோணல."

"அந்தப் பெட்டியை வெச்சவன் நான்" என்றான் வெண்டலின். "வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கணும்."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. மற்றவர்கள் ஏறினார்கள். கோஸ்டின் ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பினான்.

"ஒரே ஒரு கொடிக்கா வலை கட்டணும்?"

"ஆமா. கடைசிக் கொடி."

"அதுல அரை பாட்டில்கூடத் தேறாது முதலாளி."

"அவ அரை கிளாஸ்தான் குடிப்பா" என்றார் செவெரின்.

ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரொட்டிக் கடையில நின்னு, ஊரே கேக்கத்தான என்னைத் திருடன்னு சொன்னீங்க?"

"ஆமா."

"இதையும் அங்கயே சொல்லணும். கூட்டம் இருக்கறப்போ."

"சொல்றேன்."

"இவங்க?"

"நாங்களும்" என்றாள் கெர்லிண்டே.

கோஸ்டின் படியிலிருந்து காலை எடுத்தான். பஸ் கதவு மூடியது; போய்விட்டது. பையை அவன் கீழே வைக்கவில்லை. வெண்டலின் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். கோஸ்டின் தரவில்லை. அது நியாயம்தான் என்று வெண்டலின் கையை மடக்கிக்கொண்டான்.

நால்வரும் திரும்பி நடந்தார்கள். மோசல் அவர்களுக்கு எதிர்த்திசையில் சாவகாசமாக ஓடியது. ரொட்டிக் கடையில் இந்நேரம் சாயந்திரக் கூட்டம் வந்திருக்கும். மார்கிட் நிச்சயம் இருப்பாள். கல்லாப் பக்கத்தில், எல்லாரையும் பார்க்கும்படி, அவள் எப்போதும் நிற்கிற இடத்தில்.

"இப்ப எப்படிய்யா இருக்கு மூச்சு?" கெர்லிண்டே கேட்டாள்.

"இன்னும் வாங்குது அம்மணி."

"வாங்கட்டும்" என்றாள் அவள். "கடை இன்னும் வரல."